துகள் இயற்பியல் காணொளிகள்: வகுப்பில் எதைக் காட்டலாம்?

தேன்மொழி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் நடத்தி முடித்ததும், துகள் இயற்பியல் காணொளிகளுக்கென்று ஒரு பாடவேளையை ஒதுக்கி வைப்பேன். தேர்வில் வராது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். இருந்தாலும் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகளின் பெயரைப் போகிறபோக்கில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில், பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு எல்.எச்.சி. என்று ஒரு துகள்மோதி வளையம் கட்டி எதைத் தேடுகிறார்கள் என்றாவது தெரியவேண்டாமா?

இந்த வருடம் காட்டுவதற்காக ஆங்கிலத்திலும் தமிழிலும் கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். முக்கால்வாசியில் ஒரே காட்சிதான். பளபளப்பான இரண்டு உருண்டைகள் எதிரெதிரே பாய்ந்து வருகின்றன. மோதல், வெளிச்சம், பெரிய சத்தம். உள்ளேயிருந்து குட்டி உருண்டைகள் சிதறுகின்றன. அதில் ஒன்று மட்டும் தங்க நிறத்தில் மின்ன, ‘இதுதான் ஹிக்ஸ் போசான்’ என்கிறது பின்னணிக் குரல். 2012-இல் செர்னில் கண்டுபிடித்த துகள் அது.

இதைப் பார்க்கிற பிள்ளை என்ன நினைத்துக்கொள்ளும்? புரோட்டானுக்குள் ஹிக்ஸ் இருந்தது, உடைத்து வெளியே எடுத்துவிட்டார்கள் என்றுதான். ஹிக்ஸின் நிறை 125 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் சொல்லும் அலகு). புரோட்டானுடையது 0.938. கிட்டத்தட்ட 133 மடங்கு வித்தியாசம். தன்னைவிட அத்தனை மடங்கு கனமான ஒன்று புரோட்டானுக்குள் எப்படி இருந்திருக்கும்? மோதலின் ஆற்றல் நிறையாக மாறி, அதுவரை இல்லாத ஒன்று அங்கே புதிதாகப் பிறக்கிறது. நிறை–ஆற்றல் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, நிறை குறைபாட்டுக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டிய கையோடு, அதற்கு நேர்மாறான படத்தைத் திரையில் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வியே ‘அதை எப்படிப் பார்த்தாங்க டீச்சர்?’ என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாத காணொளி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பயன்படாது. துகள் இருந்தது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள், அதைக் காட்டுகிற காணொளி வேண்டும். பத்து நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மியூவான் எழுதியது:

வணக்கம் டீச்சர். அந்த வளையத்தில் மோதலில் வரும் துகள்களைப் பதிவு செய்யும் கருவிகளில் ஒன்றான சி.எம்.எஸ். டிடெக்டரின் தரவுகளில் வேலை பார்க்கிற ஆராய்ச்சி மாணவன் நான். உங்கள் கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன்.

ஹிக்ஸை நேரடியாக யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. ஒரு வினாடியை, ஒன்றுக்குப் பின்னால் 21 சுழியங்கள் போட்ட எண்ணால் வகுத்தால் வருகிற நேரம்கூட அது தாங்குவதில்லை. ஓர் அணுவின் அகலத்தைத் தாண்டும் முன்பே சிதைந்துவிடும். டிடெக்டரில் விழுவதெல்லாம் அந்தச் சிதைவில் வந்தவைதான். சில சமயம் இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்), சில சமயம் நான்கு மியூவான்கள் (எலக்ட்ரானின் கனமான உறவினர்), இப்படி. சிக்கல் என்னவென்றால், அதே இரண்டு ஃபோட்டான்கள் வேறு எத்தனையோ சாதாரண நிகழ்வுகளிலிருந்தும் வரும். அதனால் தனியாக ஒரு மோதலைக் காட்டி ‘இதோ ஹிக்ஸ்’ என்று ஆராய்ச்சியாளர்களாலேயே சொல்ல முடியாது.

நான் முதலில் காட்டச் சொல்வது உருண்டையே இல்லாத ஒரு சின்ன அசைபடத்தை. அதே வளையத்தில் உள்ள அட்லஸ் என்ற இன்னொரு டிடெக்டரின் குழுவினர் வெளியிட்டது. கிடைமட்ட அச்சில் இரண்டு ஃபோட்டான்களையும் சேர்த்துக் கணக்கிட்ட நிறை. செங்குத்து அச்சில் நிகழ்வுகளின் எண்ணிக்கை. 2011-இலிருந்து தரவு சேரத் தொடங்குகிறது. முதலில் புள்ளிகள் தாறுமாறாக ஏறி இறங்கும். இங்கே ஒரு மேடு எழும்பும், கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். அங்கே ஒரு பள்ளம் விழும், அதுவும் தூர்ந்துவிடும். தரவு சேரச் சேரப் புள்ளிகளெல்லாம் ஒரு சரிவான கோட்டில் போய் அமர்கின்றன. 125-க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு அமுங்காமல் நிற்கிறது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் அரங்கில் உலகுக்கு அறிவித்தது இந்த மாதிரி மேட்டைத்தான். இந்த அசைபடத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் ‘எப்படிப் பார்த்தார்கள்?’ என்ற கேள்வி தங்காது.

அந்த ஜூலை 4 கருத்தரங்கின் பதிவும் பொதுவில் கிடைக்கிறது. சி.எம்.எஸ். சார்பில் ஜோ இன்காண்டெலா, அட்லஸ் சார்பில் ஃபபியோலா ஜனோட்டி. முழுதாகக் காட்ட வேண்டாம், நீளம் அதிகம். ஐந்து சிக்மா (கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான அளவுகோல்) என்ற எண் திரையில் வருகிற இடத்தையும், முடிவில் பீட்டர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிற இடத்தையும் மட்டும் காட்டுங்கள். இந்தத் துகள் இருக்கும் என்று அவர் 1964-இல் எழுதிய கணக்குக்கு 48 ஆண்டுகள் கழித்துப் பதில் வந்திருக்கிறது.

மேடு என்றதும் நம்பிவிடக் கூடாது என்பதற்கும் கைவசம் உதாரணம் உண்டு. 2015 டிசம்பரில் அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டுமே இரு ஃபோட்டான் வரைபடத்தில் 750 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டைக் காட்டின. கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதித் தள்ளினார்கள். 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டுக்குக் கூடுதல் தரவோடு வந்தபோது மேடு போன இடம் தெரியவில்லை. அந்த எட்டு மாதத்துக்குள் எடுத்த காணொளி எதையாவது தேதி பார்க்காமல் ஓட்டிவிடாதீர்கள்.

ஐந்து சிக்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஹிக்ஸ் இல்லாமலிருக்க 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்’ என்று சொல்கிற காணொளிகள் நிறைய. அது தவறு. ஹிக்ஸே கிடையாது என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய மேடு எழும்ப 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும், பொருள் வேறு. நிகழ்தகவு படித்த பிள்ளைகளிடம் இதை நிறுத்திக் கேளுங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

ஆதிரை எழுதியது:

நான் வணிகவியல் படித்தவள். எட்டாம் வகுப்பு படிக்கிற மகளுக்காக இங்கே வருகிறேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் குறை சொல்கிற அந்த உருண்டைக் காணொளியைப் பார்த்துத்தான் அவளுக்கு இதில் ஆர்வமே வந்தது. புள்ளி புள்ளியாக ஒரு வரைபடத்தை முதலில் காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பாள். எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தால்தான் காட்டுவேன் என்று நின்றால், சின்னப் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகிவிடாதா?

தேன்மொழி டீச்சர் எழுதியது:

ஆதிரை, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உருண்டையோடு எனக்குச் சண்டை இல்லை. உடைந்து உள்ளேயிருந்து வெளியே வருவதாகக் காட்டுவதுதான் உறுத்துகிறது. அதே அனிமேஷனில், மோதிய இடத்தில் அந்த இரண்டையும்விடக் கனமான ஒன்று தோன்றி, கண்சிமிட்டும் நேரத்தில் இரண்டு ஒளிக்கதிர்களாகப் பிரிந்து போவதாகக் காட்டியிருந்தால் உங்கள் மகளுக்கு இன்னும் அதிகம் பிடித்திருக்கும். ‘லேசானதிலிருந்து கனமானது எப்படிம்மா வந்துச்சு?’ என்று அவளே உங்களிடம் கேட்டிருப்பாள். எட்டாம் வகுப்பில் விதைத்த படத்தைப் பன்னிரண்டில் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பில் தினமும் பார்க்கிறேன். எலக்ட்ரான் கோள் மாதிரிச் சுற்றுகிறது என்ற படம் ஒன்று போதாதா?

மியூவான் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு ஒரு திருத்தம் மட்டும். மோதுவது முழுப் புரோட்டான்களும் இல்லை. இந்தப் புரோட்டானுக்குள் இருக்கும் ஒரு குளுவானும் (குவார்க்குகளை ஒட்டிவைக்கும் துகள்) அந்தப் புரோட்டானுக்குள் இருக்கும் ஒரு குளுவானும் சேர்ந்துதான் பெரும்பாலான ஹிக்ஸ் பிறக்கிறது. மீதியெல்லாம் சிதறி, பெரும்பகுதி கற்றையின் திசையிலேயே போய்விடும். 13.6 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் மோதவிட்டும், 0.125 டெரா நிறையுள்ள ஒன்றை உண்டாக்க இவ்வளவு சிரமப்படுவதற்கு இது ஒரு காரணம். அந்த இரண்டு குளுவான்களுக்குக் கிடைப்பது மொத்த ஆற்றலில் ஒரு சிறு பங்குதான். சுமார் நூறு கோடி மோதல்களுக்கு ஒரு ஹிக்ஸ் என்பது கணக்கு.

குளிர்நிலை எழுதியது:

வணக்கம் மேடம். தொழிற்சாலைகளுக்குத் திரவ நைட்ரஜன், ஹீலியம் வழங்குகிற துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எல்லோரும் துகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எந்திரத்தைப் பற்றியும் யாராவது பேசவேண்டும் அல்லவா!

சுரங்கத்துக்குள் நீல நிறக் குழாய் வளைந்து வளைந்து ஓடுகிற காட்சி எல்லாக் காணொளியிலும் வரும். இரண்டு வினாடி காட்டிவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் நிறுத்திப் பார்க்கத் தோன்றும். அந்த நீல உருளை ஒவ்வொன்றும் ஓர் இருமுனைக் காந்தம். 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. மொத்தம் 1232. உள்ளே நையோபியம்–டைட்டானியம் கம்பிச் சுருள். 11,000 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம். 8 டெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம். புரோட்டானை நேர்கோட்டில் போகவிடாமல் வளையத்துக்குள் திருப்பிக்கொண்டே இருப்பது இந்தக் காந்தங்களின் வேலை. வேகம் கூட்டுவது வேறு இடத்தில், ரேடியோ அலைவெண் கலங்களில் நடக்கிறது. காந்தம்தான் வேகத்தைக் கூட்டுகிறது என்று சொல்கிற காணொளிகளும் உண்டு. காந்த விசை திசைவேகத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் வேலை செய்யாது என்று உங்கள் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள், அது அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது.

இனி என் துறைக்கு வருகிறேன். அந்தச் சுருள்கள் 1.9 கெல்வினில் இருக்கின்றன. அண்டவெளியே 2.7 கெல்வின், அதைவிடக் குளிர். சாதாரணத் திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும். அதோடு நிறுத்தியிருந்தால் வேலை எவ்வளவோ சுலபம். ஏன் நிறுத்தவில்லை? 2.17-க்குக் கீழே போனதும் ஹீலியம் மீப்பாய்மமாக மாறிவிடுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் எல்லாம் தடையில்லாமல் புகும். கம்பியும் அந்தக் குளிரில் கூடுதல் மின்னோட்டம் தாங்கும். வளையம் முழுவதற்கும் சுமார் 120 டன் ஹீலியம். முதற்கட்டக் குளிர்ச்சிக்கு ஆயிரக்கணக்கான டன் திரவ நைட்ரஜன். பொத்தானை அழுத்தினால் குளிர்ந்துவிடாது, வாரக்கணக்கில் ஆகும். குளிர்ந்ததும் ஒவ்வொரு காந்தமும் சில சென்டிமீட்டர் சுருங்கும். அதற்காகவே காந்தத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் மடிப்பு மடிப்பான உலோக இணைப்பு வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு வெற்றியை மட்டும் காட்டாதீர்கள். 2008 செப்டம்பர் 10 அன்று முதல் கற்றை வளையத்தைச் சுற்றி வந்ததை உலகமே பார்த்தது. ஒன்பதாம் நாள், செப்டம்பர் 19, இரண்டு காந்தங்களுக்கு நடுவில் இருந்த ஒரு மின் இணைப்பில் கோளாறு. மின்தடை கூடி, மின்வில் எழுந்து, ஹீலியக் கலனைத் துளைத்துவிட்டது. டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டது. அந்த அழுத்தத்தில் 35 டன் காந்தங்கள் தாங்கியை விட்டே நகர்ந்தன. 53 காந்தங்களைக் கழற்றி மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. மறுபடி கற்றை ஓடியது 2009 நவம்பரில்தான். இந்தப் பழுதுபார்ப்பைப் பற்றியும் செர்ன் தன் காணொளிகளில் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது. பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தாங்கி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காந்தங்கள் உட்கார்ந்திருக்கும் ஜாக்கிகள் இந்தியா செய்து அனுப்பியவை. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா ஆய்வு மையத்தின் பொறுப்பில் நடந்த வேலை. ஒரு காந்தத்துக்கு மூன்று ஜாக்கி. 35 டன்னை ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்குத் துல்லியமாக நகர்த்தி நிறுத்தும். காணொளியில் காந்தத்துக்குக் கீழே பாருங்கள், கண்ணில் படும்.

சட்டகம்24 எழுதியது:

நல்ல சமயத்தில் இந்த இழை வந்தது. நான் தமிழில் அறிவியல் அனிமேஷன் செய்கிறேன். அடுத்தது ஹிக்ஸ் புலம், அதாவது துகள்களுக்கு நிறை தருவதாகச் சொல்லும் புலம் பற்றி. எழுத்து வேலை முடியவில்லை, அதனால் கேட்டுவிடுகிறேன்.

வழக்கமாகக் காட்டும் படம் இரண்டு. ஒன்று, கெட்டியான பாகுக்குள் துகள்கள் போவது. சில சுலபமாகப் போகும், சில திணறும், திணறுவதுதான் நிறை. மற்றொன்று, கூட்டமான அறைக்குள் பிரபலம் ஒருவர் நுழைந்ததும் எல்லோரும் மொய்த்துக்கொள்வது. எதை எடுக்கலாம்? இரண்டும் சரியில்லை என்றால், புலம் என்பதைத் திரையில் வேறு எப்படித்தான் காட்டுவது? பார்வையாளர் கண்ணுக்கு ஏதாவது ஒன்றை நான் கொடுத்தாகவேண்டும்.

மியூவான் எழுதியது:

கேட்டது நல்லதாயிற்று.

இரண்டாவது படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1993-இல் பிரிட்டனின் அறிவியல் அமைச்சர் வில்லியம் வால்டுகிரேவ், ஹிக்ஸ் என்றால் என்ன, அதை ஏன் தேடவேண்டும் என்று ஒரே பக்கத்தில் விளக்குங்கள், பரிசு தருகிறேன் என்றார். மக்கள் வரிப்பணத்தைக் கேட்கிறீர்களே, எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்பது அவர் நிலை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் மில்லர் எழுதிய பதிலில்தான், விருந்துக் கூடத்துக்குள் முன்னாள் பிரதமர் நுழைந்ததும் கூட்டம் சூழ்ந்துகொள்கிற காட்சி வந்தது. ஒரு பக்கத்துக்குள் எழுதிய வகையில் அது கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான். கிளம்புவதும் கடினம், கிளம்பிய பிறகு நிறுத்துவதும் கடினம் என்று இரண்டையும் அதில் சொல்லலாம்.

பாகை விட்டுவிடுங்கள். பாகுக்குள் போகிற பொருள் வேகம் குறைந்து குறைந்து நின்றுவிடும். ஹிக்ஸ் புலம் எதையும் நிறுத்துவதில்லை. வெற்றிடத்தில் போகிற எலக்ட்ரான் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், நியூட்டனின் முதல் விதிக்கு ஒரு குறையும் வரவில்லை. நிறை எதிர்ப்பது வேக மாற்றத்தை. பாகு எதிர்ப்பது வேகத்தையே. பார்க்கிற பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஒன்பதாம் வகுப்பில் படித்ததும் சேர்ந்து போய்விடும்.

திரையில் என் யோசனை: திரை முழுவதும் ஒரே சீரான நிறம். எங்கும் கூடவோ குறையவோ இல்லை. வெற்றிடத்திலும் அந்த நிறம் உண்டு, அதுதான் புலம். அதோடு டாப் குவார்க் (குவார்க்குகளிலேயே கனமானது) மிக வலுவாகப் பிணைகிறது, எலக்ட்ரான் மிக மெலிதாக, ஃபோட்டான் பிணைவதே இல்லை. இனி அந்தச் சீரான நிறத்தில் ஓர் அதிர்வை எழுப்பிக் காட்டுங்கள். அந்த அதிர்வுதான் ஹிக்ஸ் போசான். புலம் வேறு, போசான் வேறு என்பது அந்த ஒரு காட்சியில் பதிந்துவிடும். நிறை தருவது புலம்; செர்னில் உண்டாக்கியது அதன் அதிர்வு.

‘அண்டத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறை தருவது ஹிக்ஸ்’ என்ற வரி உங்கள் எழுத்தில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். புரோட்டானில் உள்ள மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் சுமார் 9 மெகா எலக்ட்ரான்வோல்ட். புரோட்டானின் நிறை 938. நூற்றில் ஒரு பங்குதான் ஹிக்ஸ் வழி வந்தது. மீதி எல்லாம் குவார்க்குகளையும் குளுவான்களையும் கட்டி வைத்திருக்கிற வலுவான விசையின் ஆற்றல். அப்படியென்றால் ஹிக்ஸ் அவ்வளவு முக்கியமில்லையா என்று கேட்பார்கள். நீல்ஸ் போர் பெயரால் வழங்கும் ‘போர் ஆரம்’, அதாவது ஹைட்ரஜன் அணுவின் ஆரத்துக்கான சமன்பாட்டை எழுதிக் காட்டலாம். எலக்ட்ரானின் நிறை அதில் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கிறது. நிறை குறையக் குறைய ஆரம் பெரிதாகும். நிறை பூஜ்யமானால் ஆரத்துக்கு எல்லையே இல்லை. அணு என்று ஒன்று உருவாகாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை வைத்தே சொல்லக்கூடிய விளக்கம் இது. ஏனோ எந்தக் காணொளியிலும் நான் இதுவரை பார்க்கவில்லை.

சட்டகம்24 எழுதியது:

போர் ஆரம் அருமை. அதையே முடிவுக் காட்சியாக வைக்கிறேன். அணு விரிந்து விரிந்து திரையை விட்டு வெளியே போவதைக் காட்டுவது எங்களுக்கு ரொம்ப சுலபம். எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கதிர்\_பிளஸ்டூ எழுதியது:

அண்ணா, நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். வீட்டில் மாமா வாட்ஸப்பில் ஒரு காணொளி அனுப்பினார். செர்னில் கருந்துளை உண்டாகிப் பூமியை விழுங்கிவிடும் என்றும், அதனால்தான் வாசலில் நடராஜர் சிலை வைத்திருக்கிறார்கள் என்றும் அதில் சொல்கிறார்கள். இரவில் சிலை முன்னால் பலி கொடுப்பது மாதிரி ஒரு காட்சியும் இருக்கிறது. தங்கச்சி பயந்துவிட்டாள். என்ன சொல்லட்டும்?

குளிர்நிலை எழுதியது:

தம்பி, சிலை உண்மை. 2004-இல் இந்திய அரசு செர்னுக்குப் பரிசாகக் கொடுத்தது. சுமார் இரண்டு மீட்டர் உயரம். பல பத்தாண்டுகளாக இந்திய விஞ்ஞானிகள் அங்கே சேர்ந்து வேலை செய்வதற்கு அடையாளமாகக் கொடுத்தார்கள். பலிக் காட்சி 2016-இல் யாரோ விளையாட்டாக நடித்து எடுத்தது. செர்ன் அதைக் கண்டித்து விசாரணையும் நடத்தியது. தங்கச்சியிடம் இதைச் சொல்லுங்கள், பயம் தெளிந்துவிடும்.

மியூவான் எழுதியது:

கருந்துளைக் கேள்விக்கான பதில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது கதிர். எல்.எச்.சி.யில் நடக்கும் மோதலைவிட அதிக ஆற்றலுள்ள மோதல்கள், அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது இயற்கையாகவே நடக்கின்றன. பூமி தோன்றியது முதல் சுமார் 450 கோடி ஆண்டுகளாக நடக்கிறது. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலாவும் சூரியனும்கூட அப்படியேதான் இருக்கின்றன.

ஆதிரை எழுதியது:

அண்டக் கதிர் என்றதும் சொல்கிறேன். டீச்சர் பேச்சைக் கேட்டு மகளோடு உட்கார்ந்து வேறு மாதிரிக் காணொளி தேடினேன். முகில் அறை என்று ஒன்று கிடைத்தது. கண்ணாடித் தொட்டி, அடியில் டிரை ஐஸ் மேல் வைத்த கறுப்புத் தகடு, மேலே ஆல்கஹாலில் நனைத்த துணி. விளக்கை அணைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடிக்கிறார்கள். கொஞ்ச நேரம் தூறல் மாதிரித்தான் தெரிகிறது. அப்புறம் திடீரென்று மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று குறுக்கே ஓடி மறைகிறது. தடித்துக் குட்டையாகச் சில கோடுகள். சுருண்டு சுருண்டு சில. பின்னணிக் குரல் ஒன்றும் இல்லை. மகள் அந்தக் கோடுகளுக்கெல்லாம் பெயர் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தேன்மொழி டீச்சர் எழுதியது:

நேராக நீளமாக ஓடுவது பெரும்பாலும் மியூவான். தடித்துக் குட்டையாக இருப்பது ஆல்பா துகள், காற்றில் இருக்கும் ரேடான் வாயுவிலிருந்து வந்திருக்கும். சுருண்டு நெளிவது ஆற்றல் குறைந்த எலக்ட்ரான். துகள் போகிற வழியில் மின்னேற்றிவிட்டுப் போகும் அணுக்களைச் சுற்றி ஆல்கஹால் ஆவி துளித்துளியாகப் படிவதால் கோடு தெரிகிறது. கடல் மட்டத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் வினாடிக்கு ஒரு மியூவானாவது விழுந்துகொண்டிருக்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள். இதையே வகுப்பிலும் முதலாவதாகக் காட்டப் போகிறேன். சி.எம்.எஸ். டிடெக்டரில் நடப்பதும் அடிப்படையில் இதுதானே, வழித்தடத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது.

மியூவான் எழுதியது:

ஆமாம் டீச்சர். கூடுதலாக 3.8 டெஸ்லா காந்தப்புலம் வழித்தடத்தை வளைக்கிறது; வளைவை வைத்து உந்தத்தை அளக்கிறோம். மின்னூட்டம் இல்லாத ஃபோட்டான் தடமே பதிக்காது. அதைப் பிடிக்க எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஈய டங்ஸ்டேட் படிகங்கள் அடுக்கியிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடக் கனம், ஆனால் மறுபக்கம் தெளிவாகத் தெரியும். ஃபோட்டான் மோதியதும் படிகத்துக்குள் ஒளி எழும், அந்த ஒளியை அளந்தால் ஆற்றல் தெரிந்துவிடும். நியூட்ரினோ இதிலெல்லாம் சிக்காமல் போய்விடும். மற்ற உந்தங்களைக் கூட்டிப் பார்க்கும்போது எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கணிப்போம்.

ஆங்கிலத்தில் பேசி விளக்குபவை வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தின் யூடியூப் பக்கத்தில் டான் லிங்கன் பேசுகிற காணொளிகளை நம்பி எடுக்கலாம். அவரே டிடெக்டர் தரவில் வேலை செய்கிற இயற்பியலாளர். நடுநடுவே நிறுத்தித் தமிழில் விளக்கிக்கொள்ளுங்கள்.

பார்ப்பதோடு விடாமல் ஒரு கணக்கும் கொடுங்கள். இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றல்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, வருவதை இரண்டால் பெருக்கி, பிறகு அதை (1 – இடைக்கோணத்தின் கொசைன்) என்பதால் பெருக்கினால் வருவது நிறையின் வர்க்கம். தலா 62.5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு எதிரெதிர்த் திசையில் போனால் 15,625 வரும். அதன் வர்க்கமூலம் 125.

கதிர்\_பிளஸ்டூ எழுதியது:

போட்டுப் பார்த்தேன் அண்ணா. 80, 70 என்று இரண்டு ஆற்றல் எடுத்து, 125 வரவேண்டும் என்றால் கோணம் கிட்டத்தட்ட 113 பாகை வருகிறது. 60, 45, கோணம் 120 பாகை என்று சும்மா ஒன்று எடுத்தேன், அதற்கு 90 வந்தது. அப்படியென்றால் முதலாவது ஹிக்ஸ், இரண்டாவது ஹிக்ஸ் இல்லை என்று எழுதலாமா? 90 என்பது இசட் போசான் என்ற இன்னொரு துகளின் நிறைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது இசட்டா?

மியூவான் எழுதியது:

கணக்கு இரண்டும் சரி. 125 வந்ததாலேயே ஹிக்ஸ் என்று எழுத முடியாது. சாதாரண இரு ஃபோட்டான் நிகழ்வுகளிலும் சில 125-இல் வந்து விழும். ஹிக்ஸை விட அவையே அதிகம். அதனால்தான் லட்சக்கணக்கான நிகழ்வுகளை அடுக்கி மேடு தேடுகிறோம்.

90 பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. இசட் போசான் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைய முடியாது, கோண உந்த விதிகள் இடம் கொடுக்காது. ஆனாலும் உண்மையான இரு ஃபோட்டான் தரவில் 90 பக்கத்தில் கவனமாக இருக்கவேண்டும். இசட் போசான் எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாகச் சிதையும்போது, அவற்றின் தடம் பதிவாகாமல் போனால் படிகத்தில் பார்க்க இரண்டு ஃபோட்டான் மாதிரியே தெரியும். அந்தப் பகுதியில் தேடுகிறவர்கள் இதைத் தனியாகக் கணக்கில் எடுத்துக் கழிக்கிறார்கள்.

உனக்கு மேட்டைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் இரண்டு ஃபோட்டான் வேண்டாம், இரண்டு மியூவான் தரவை எடு. செர்னின் திறந்த தரவுத் தளத்தில் சி.எம்.எஸ். பதிவு செய்த நிஜ மோதல்கள் மாணவர்களுக்கென்றே அட்டவணையாகக் கிடைக்கின்றன, இலவசம்தான். அதே தளத்தில் ஐ-ஸ்பை என்ற நிரல் உலாவியிலேயே திறக்கும். ஒரு மோதலை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்.

தேன்மொழி டீச்சர் எழுதியது:

இது வகுப்புக்கும் சரியாக வரும் போலிருக்கிறது. எங்கள் கணினி ஆய்வகத்தில் எக்செல் மட்டும்தான் உண்டு, நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. முடியுமா?

மியூவான் எழுதியது:

எக்செல் போதும் டீச்சர். ஒவ்வொரு வரியிலும் இரண்டு மியூவான்களின் ஆற்றல், மூன்று திசை உந்தங்கள், மின்னூட்டம் இருக்கும். முதலில் ஒன்று நேர், ஒன்று எதிர் மின்னூட்டம் உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆற்றல்களைக் கூட்டி வர்க்கம். திசைவாரியாக உந்தங்களைக் கூட்டி ஒவ்வொன்றின் வர்க்கம். முதலாவதிலிருந்து மற்ற மூன்றையும் கழித்து வர்க்கமூலம். நிறையும் தளத்தின் அட்டவணையிலேயே இருக்கும், அந்த நெடுவரிசையை மறைத்துவிட்டுக் கொடுங்கள், கடைசியில் சரிபார்க்க உதவும்.

பிறகு ஹிஸ்டோகிராம், அதாவது நிறையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை நிகழ்வுகள் என்று காட்டும் பட்டை வரைபடம். ஒரே வரைபடத்தில் எல்லாவற்றையும் போட்டால் இடதுபக்கம் குவிந்து ஒன்றும் தெரியாது. 2 முதல் 5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வரை தனியாக, கட்ட அகலம் 0.05 வைத்துப் போடுங்கள், 3.1-இல் ஜே-சை துகள் ஊசியாக நிற்கும். 70 முதல் 110 வரை வேறொரு வரைபடம், கட்ட அகலம் 1. 91-இல் இசட் மேடு அகலமாக வரும். ஒன்று ஏன் ஊசியாக இருக்கிறது, மற்றது ஏன் அகலமாக இருக்கிறது என்று கேளுங்கள். ஆயுள் குறையக் குறைய மேடு அகலும், ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கொள்கை அவர்கள் போட்ட படத்திலேயே தெரியும். ஜே-சை ஊசியின் அகலத்தில் பெரும்பகுதி டிடெக்டரின் அளவீட்டுப் பிழை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். குழுவுக்கு ஆயிரம் வரி என்று பிரித்துக் கொடுத்தால், தனித்தனியாக இசட் மேடு சரியாகத் தெரியாது. எல்லாக் குழுவும் எண்ணிக்கையைக் கூட்டியதும் தெரியும், அதனால் கட்டங்களின் எல்லை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.